ஊர் மாறும்போது ஆஸ்பத்திரியும் மாறுவது எப்படி? சிட்லிங்கியும் கூடலூரும் சொல்வது

1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற இளம் மருத்துவத் தம்பதி தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் வேலையைத் தொடங்கினார்கள். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் இருக்கிற ஊர்கள் அவை. அப்போது அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் ஒரு வயதை எட்டாமலே இறந்துகொண்டிருந்தன. அதாவது ஏறத்தாழ ஏழு தொட்டிலுக்கு ஒரு தொட்டில் வெறுமையாகிவிடும். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக ஐம்பது கிலோமீட்டர். அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

அவர்கள் தொடங்கியது ஒரு கூரைக் கொட்டகையில். ஊர்க்காரர்கள் கட்டிக்கொடுத்தது. உள்ளே ஒரு பல்பு, ஒரு மரப் பெஞ்சு. பிரசவமும் அங்கேதான், சின்ன அறுவை சிகிச்சையும் அங்கேதான். பிறகு அது பத்துப் படுக்கையாகி, 35 படுக்கை மருத்துவமனையாக வளர்ந்தது. குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 20 என்ற அளவுக்கு இறங்கியது.

படுக்கை பெருகியதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த மருத்துவமனை செய்கிற வேலையே காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. பிரசவத்தில் ஆரம்பித்தது, ஒரு கட்டத்தில் விவசாயம் வரைக்கும் போயிருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரி ஏன் அப்படிப் போக வேண்டும்? எங்கே போக வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெரிய நகரத்து இதய மருத்துவமனைக்கு இதயக் கோளாறு உள்ளவர் எங்கிருந்தோ தேடி வருவார். அவர் வாசலுக்குள் வந்த பிறகுதான் அந்த மருத்துவமனையின் பொறுப்பு தொடங்குகிறது. சமூக மருத்துவமனை அப்படிப்பட்டதல்ல. அது குறிப்பிட்ட சில ஊர்களுக்குப் பொறுப்பேற்றுக்கொண்ட இடம். அந்த ஊர்களில் இருக்கிற எல்லாரும் அதன் கணக்கில் வருகிறார்கள், சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்கள் மட்டும் அல்ல. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இந்த எண்ணத்தில்தான் அமைக்கப்பட்டவை. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சிறு மருத்துவமனைகள் சிலவும் இப்படித்தான் இயங்குகின்றன.

இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மருத்துவமனையின் ஓ.பி. நோட்டில் இந்த மாதம் இருபது கர்ப்பிணிகளின் பெயர் இருக்கிறது. இது நல்ல செய்தியா? நோட்டை மட்டும் பார்த்தால் சொல்லவே முடியாது. சுற்றியுள்ள ஊர்களில் மொத்தம் இருபத்தைந்து கர்ப்பிணிகள் என்றால் ரொம்ப நல்ல செய்தி. அறுபது பேர் என்றால் மீதி நாற்பது பேர் எங்கே என்று யாராவது எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். வந்தவர்களின் எண்ணிக்கை நோட்டில் இருக்கும். வராதவர்களின் எண்ணிக்கை தெருவில்தான் இருக்கிறது. அதனால் சமூக மருத்துவமனையின் முதல் கருவி ஸ்டெதஸ்கோப் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு வீடாகப் போய் எழுதுகிற பதிவேடுதான் முதல் கருவி. யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எடை என்ன, யார் இறந்தார், எதனால் இறந்தார், யாருக்கு எத்தனை நாளாக இருமல். இதையெல்லாம் ஆண்டுதோறும் எழுதி வைத்தால்தான் ஊரின் தேவை எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும்.

சரி, அந்த நோட்டை யார் எழுதுவது? சிட்லிங்கியில் இதற்கு இரண்டு வகை ஆட்களை உருவாக்கினார்கள். ஒன்று, பள்ளிப்படிப்பு படித்த உள்ளூர்ப் பெண்கள். அவர்களுக்கே பயிற்சி கொடுத்து, பிரசவம் பார்க்கவும் அறுவை சிகிச்சையில் உதவவும் கற்றுக்கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து நர்ஸ் வந்து அந்த மலையடிவாரத்தில் தங்குவார் என்று காத்திருந்தால் நடக்கிற காரியமா? இரண்டாவது வகை, ஒவ்வொரு கிராமமும் தானே தேர்ந்தெடுத்து அனுப்பிய நடுவயதுப் பெண்கள். இவர்கள் தங்கள் ஊரிலேயே இருந்துகொண்டு கர்ப்பிணிகளைப் பார்ப்பார்கள், குழந்தைகளை எடை போடுவார்கள், எதைச் சாப்பிடலாம் எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்வார்கள். மலைமேல் ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்ற செய்தி டாக்டருக்கு வந்து சேர்வது இவர்கள் வழியாகத்தான்.

இங்கே வாழ்பவர்களைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு சேர்த்துவிட வேண்டாம், இது தமிழ் பேசுகிற மலைவாழ் மக்களின் பெயர். கூடவே லம்பாடி மக்களின் தாண்டா எனப்படும் குடியிருப்புகளும் இருக்கின்றன. வெளியாள் ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து சொன்னால் கேட்பதைவிட, பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் இந்த மக்கள் கேட்பார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தானே?

பத்தாண்டு இப்படி ஓடியது. குழந்தை இறப்பும் பிரசவச் சாவும் குறைந்தன. அப்புறம் டாக்டர்கள் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து, இப்போது உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். வந்த பதில் நோயைப் பற்றியது அல்ல. விவசாயம் கட்டுப்படியாகவில்லை, உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது, பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியூர் போகிறார்கள் என்றார்கள். ஒரு காலத்தில் தங்கள் நிலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்துச் சாப்பிட்டவர்கள், பணப்பயிருக்கு மாறி, தட்டில் சோற்றை மட்டுமே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண ஆஸ்பத்திரி என்ன செய்யும்? "அது எங்கள் துறை இல்லை" என்று சொல்லிவிடும். அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை. ஆனால் சத்துக்குறைவோடு வருகிற குழந்தைக்கு டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினால், அது திரும்பவும் அதே தட்டுக்குத்தான் போகப்போகிறது. மூன்று மாதம் கழித்து அதே எடையில் திரும்ப வரும். நோய் உருவாகிற இடம் வயலாக இருந்தால் வைத்தியமும் வயலுக்குப் போகத்தான் வேண்டும். 2004 வாக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில விவசாயிகளோடு இயற்கை விவசாயம் தொடங்கியது. அது சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கமாக வளர்ந்து, நூற்றுக்கணக்கான குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டது. சிறுதானியங்களை அவர்களே பதப்படுத்தி விற்கிறார்கள்.

2006-ல் லம்பாடிப் பெண்களுக்காக 'போர்கை' என்ற கைவினை அமைப்பு உருவானது. லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். அவர்களின் பரம்பரைத் தையல் வேலைப்பாடு ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது, வயதான இரண்டு பெண்கள் மட்டும் அதை நினைவில் வைத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து இளைய பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கையில் சொந்தக் காசு இருக்கிற பெண், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடமும் அனுமதி கேட்காமல் பஸ் ஏறிவிடுவாள். தையலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

இப்போது நீலகிரிப் பக்கம் போவோம். கூடலூர், தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும் சந்திக்கிற மூலை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, காட்டு ஓரங்களில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. இங்கே கதை ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை. 1980-களின் நடுவில் நில உரிமைக்காக ஆதிவாசிகளைத் திரட்டும் வேலை தொடங்கியது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் அதில் பிறந்தது. பிரசவத்திலும் வயிற்றுப்போக்கிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, 1987-ல் தேவதாசன், ரூபா என்ற டாக்டர் தம்பதி கிராம சுகாதார வேலையை ஆரம்பித்தார்கள். தடுப்பூசி, கர்ப்பிணிப் பராமரிப்பு, உப்புச்சர்க்கரைக் கரைசல் போன்ற அடிப்படை விஷயங்கள்.

ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை எங்கே அனுப்புவது என்ற கேள்வி அடுத்து வந்தது. நகரத்து ஆஸ்பத்திரி என்றாலே அந்த மக்களுக்குப் பயம். அங்கே போனால் தரையில் உட்கார வைப்பார்கள், பேசுகிற மொழி புரியாது, செத்தால் உடலைக்கூடத் தர மாட்டார்கள் என்ற அச்சம். அதனால் 1990-ல் அஸ்வினி என்ற அமைப்பும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் தோன்றின. அறுவை சிகிச்சை நிபுணர் நந்தகுமாரும் மகப்பேறு மருத்துவர் ஷைலாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். நர்ஸ்கள் ஆதிவாசிப் பெண்கள். நிர்வாகக் குழுவிலும் ஆதிவாசிகள். உள்ளே நுழைந்ததும் தன் மொழி பேசுகிற முகம் எதிரே வந்தால் பாதிப் பயம் வாசலிலேயே போய்விடும்.

கட்டடம் வந்தது, டாக்டர் வந்தார், மொழி புரிந்தது. அடுத்த தடை பணம். தினக்கூலிக்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்பது வட்டிக்கடன். 1992-ல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் மருத்துவமனையும் சேர்ந்து உறுப்பினர்களுக்குக் குழுக் காப்பீடு கொண்டுவந்தன. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நடந்த அந்தத் திட்டம், இந்தியாவின் மிகப் பழைய சமூக மருத்துவக் காப்பீடுகளில் ஒன்று. அரசுக் காப்பீட்டு அட்டைகள் நம் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னால்!

காப்பீடு எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாதவர்களுக்காக ஒரு கற்பனைக் கணக்கு. நூறு குடும்பங்கள், வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டால் பத்தாயிரம். அந்த வருஷம் நான்கு வீட்டில் மட்டும் ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுக்கு 2,500 ரூபாய். பணம் சரியாகப் போய்விட்டது. மீதி 96 வீட்டுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று தோன்றும். ஆனால் அடுத்த வருஷம் அந்த நால்வரில் யார் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. மொய் எழுதிப் பழகிய நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஒரே நிபந்தனை: நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் நிதி காலியாகிவிடும், நலமாக இருப்பவர்களும் சேர வேண்டும். கூடலூரில் அதைச் சாதிக்க முடிந்ததற்குக் காரணம், சங்கம் என்ற ஒன்று முன்பே இருந்தது. தனக்குப் பழக்கமான சங்கத்து ஆள் கேட்டால் மனிதர்கள் நம்பிப் பணம் கொடுப்பார்கள்.

கூடலூரின் இன்னொரு பாடம் எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுகிறது. ரத்தசோகை என்றால் நாம் இரும்புச்சத்து மாத்திரை என்று நினைப்போம். ஆனால் இந்த மலைப்பகுதி மக்களில் சிலருக்கு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் ரத்தம் ஏறாது, எலும்பு மூட்டெல்லாம் உயிர் போகிற மாதிரி வலிக்கும், பிள்ளைகள் அடிக்கடி காய்ச்சலில் விழுவார்கள். காரணம் அரிவாள் உயிரணு சோகை, பேச்சில் சிக்கிள் செல். ரத்தச் சிவப்பணு சாதாரணமாக வட்டமாக இருக்கும். இந்த நோயில் ஆக்சிஜன் குறைகிறபோது அது அரிவாள் மாதிரி வளைந்து, மெல்லிய ரத்தக்குழாய்களில் போய் மாட்டிக்கொள்ளும். அந்த அடைப்புதான் வலி. வளைந்த அணுக்கள் சீக்கிரம் உடைந்தும் போவதால் ரத்தம் குறைகிறது.

இது பெற்றோரிடமிருந்து வருவது. தாய் தந்தை இருவரிடமும் இந்த மரபணுக் கூறு ஒளிந்திருந்தால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒருவரிடம் மட்டும் இருந்தால் குழந்தைக்கு நோயாக வராது, கூறைச் சுமந்து அடுத்த தலைமுறைக்குத் தரும் கடத்தியாக மட்டும் இருக்கலாம். மலேரியா அதிகம் இருந்த காட்டுப் பகுதிகளில் இந்தக் கூறு ஏன் இத்தனை பேரிடம் இருக்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் கூறைப் பெற்றவர்களை மலேரியா அவ்வளவு எளிதில் கொல்லாது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பிழைத்து, அந்தக் கூறும் பிழைத்தது.

இந்த நோய் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு மருத்துவமனை என்னவெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். லேபில் புதிய பரிசோதனை வேண்டும். ஊருக்குப் போய் ரத்தம் எடுக்க வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குத் தனி நோட்டு வேண்டும், ஏனென்றால் இது ஆயுள் முழுக்கத் தொடரும் நோய். ஹைட்ராக்சியூரியா, ஃபோலிக் ஆசிட் மாத்திரைகள் தீராமல் இருக்க வேண்டும். நள்ளிரவில் வலியோடு வருகிறவரை "நடிக்கிறார்" என்று திருப்பி அனுப்பாத நர்ஸ் வேண்டும். கல்யாணத்துக்கு முன் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்பதை யார் மனமும் நோகாமல் எடுத்துச் சொல்கிற ஆள் வேண்டும். இதில் பாதிக்கு மேல் கருவியோ கட்டடமோ இல்லை, மனிதர்களின் பழக்கம். அஸ்வினி இதற்கென்றே ஒரு திட்டத்தை நடத்துகிறது. மத்திய அரசு இந்த நோய்க்கான தேசிய இயக்கத்தைத் தொடங்கியது 2023 ஜூலை 1-ஆம் தேதி, 2047-க்குள் ஒழிப்பது இலக்கு. கூடலூர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. சிறிய மருத்துவமனை முதலில் பார்த்துவிடுவதற்குக் காரணம், அதே முகங்கள் அதே வலியோடு திரும்பத் திரும்ப வருவது அதன் கண்ணில் படுகிறது.

இதெல்லாம் தொண்டு நிறுவனக் கதை, எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் இது நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நடந்துகொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் பெரிய அளவில். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களின் பல்லாண்டுக் கவலை தாயும் சேயும். வீட்டுப் பிரசவத்தை நிறுத்துவதற்காக, 2000-களில் மூன்று நர்ஸ்களை ஷிஃப்ட் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 1.8 ஆக இறங்கியிருக்கிறது.

அதாவது, வெற்றி பெற்ற வேலையே மருத்துவமனையின் அடுத்த கேள்வியை உருவாக்குகிறது. குழந்தைகள் குறைந்தன, பிழைத்தவர்கள் வளர்ந்து முதுமை அடைகிறார்கள். பிரசவ வார்டுக்கு முன்னால் இருந்த கூட்டம் சுகர், பிரஷர் மாத்திரை வாங்கும் ஜன்னலுக்கு இடம் மாறியிருக்கிறது. 2020-ல் மாநில அளவில் எடுக்கப்பட்ட ஆய்வில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது தெரிந்தது. அவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அது கட்டுப்பாட்டில் இல்லை.

ஏன் இல்லை? மாதாமாதம் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். உடம்பில் வலி இல்லாத நோய்க்கு யார் கூலியை விடுவார்? பிரசவ வலி வந்தால் ஊரே வண்டி பிடித்து அனுப்பும். பிரஷர் சத்தமில்லாமல் ஏறும். ஆக, வருகிறவர்களுக்காகக் காத்திருந்த பழைய முறை இந்த நோய்க்குப் பொருந்தாது. இதற்காகத்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பும், பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. சிட்லிங்கியில் அந்த நடுவயதுப் பெண்கள் செய்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மாறுவது சொல்கிற அளவுக்கு எளிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதிய வேலையைச் சேர்ப்பதைவிடப் பழைய வேலையைக் குறைப்பது கடினம். பிரசவம் குறைந்துவிட்டதே, அந்த நர்ஸை முதியோர் பக்கம் மாற்றலாம் என்று கணக்கு சொல்லும். ஆனால் மாதத்தில் மூன்றே பிரசவம் நடந்தாலும், அந்த மூன்றில் ஒன்று நள்ளிரவு இரண்டு மணிக்கு ரத்தப்போக்கோடு வரும். அந்த நேரத்தில் பழகிய கை இல்லையென்றால் ஒரு உயிர் போய்விடும். பிரசவம் குறையக் குறைய அந்தக் கையின் பழக்கமும் குறைகிறது, இதற்கு எளிய விடை கிடையாது. சில இடங்களில் பிரசவத்தைச் சற்றுப் பெரிய மருத்துவமனையில் ஒன்றுசேர்த்து, ஆம்புலன்ஸைப் பலப்படுத்துகிறார்கள். மலைப்பகுதியில் அது சரிப்படாது, மழையில் பாதை துண்டிக்கப்பட்டால் ஆம்புலன்ஸ் என்ன செய்யும்? ஒரே மாநிலத்துக்குள் இரண்டு ஊருக்கு இரண்டு விடை தேவைப்படுகிறது.

பணமும் அப்படித்தான். நன்கொடையாளர் குழந்தைகளுக்கென்று கொடுத்த பணத்தை முதியவருக்குச் செலவு செய்ய முடியாது. அரசு நிதிக்கும் தலைப்பு உண்டு. ஊரின் தேவை மாறிய பிறகு நிதியின் தலைப்பு மாறச் சில வருஷங்கள் ஆகும், அந்த இடைவெளியை இழுத்துப்பிடித்து நடத்துவது பெரும்பாலும் அங்கே வேலை செய்கிற நர்ஸ்களும் தன்னார்வலர்களும்தான். அவர்களுக்குச் சம்பளம் போதவில்லை என்பது என் வருத்தம். இதை எங்கே எழுதினாலும் ஒரு வரி சேர்த்துவிடுவேன்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் இதில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும், அங்கே எழுந்து கேட்கலாம். போன வருஷம் நம் ஊரில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்ற கணக்கு இருக்கிறதா? சுகர் மாத்திரை வாங்குபவர்களில் எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது? மாத்திரை வாங்க வருவதை நிறுத்திவிட்டவர்களின் வீட்டுக்கு யாராவது போனார்களா? மூன்றாவது கேள்விக்கு நர்ஸம்மா நோட்டைத் திறந்து பெயர் பெயராகப் படிக்க ஆரம்பித்தால், உங்கள் ஊருக்கு நல்ல ஆஸ்பத்திரி கிடைத்திருக்கிறது.